பாகத்தை மாற்றும் முன் பழுதை அளந்து பாருங்கள்

"அம்மிணி, வண்டி மறுபடியும் மக்கர் பண்ணிடுச்சு."

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், விடிவதற்கு முன்பே அண்ணனிடமிருந்து வந்த போன் இது. திண்டுக்கல் மாவட்டத்தில் தக்காளியும் முருங்கையும் சாகுபடி செய்கிறார். 40 பெட்டி தக்காளியை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால், பழைய டீசல் பிக்கப்பிலிருந்து 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் வந்திருக்கிறது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆள் சேர்த்து, லோடு வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்துவிட்டது. மிச்சம் நின்றிருந்த ஒரு வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

அந்த வண்டிக்கு அவர் செலவு செய்யாமல் இல்லை. அதற்கு முந்தைய 5 மாதங்களில் புது பேட்டரி போட்டார். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் மாற்றினார். பிறகு சாவி சுவிட்சையும் மாற்றினார். எல்லாமாகச் சேர்த்து 13,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் பத்து, பதினைந்து நாள் வண்டி ஒழுங்காக ஓடும். சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடியும் 'டிக்'.

கடைசியில் கண்டுபிடித்த பழுதைச் சரிசெய்ய ஆன செலவு 300 ரூபாய்.

நான் உழவியல் படித்தவள், மெக்கானிக் இல்லை. இருந்தாலும், காரணத்தைத் தேடும் முறை வயலிலும் வண்டியிலும் ஒன்றுதான் என்பதை இந்த அனுபவம் எனக்குக் காட்டியது. அறிகுறியைக் கவனிக்காமல், அளந்து பார்க்காமல், ஊகத்தில் பாகம் மாற்றுவதும் ஊகத்தில் மருந்து அடிப்பதும் ஒரே தவறுதான். வண்டி ஓடாவிட்டால் விளைந்தது பணமாகாது. எனவே இதையும் வேளாண்மையின் ஒரு பகுதியாகவே பேச வேண்டும்.

விட்டு விட்டு வரும் பழுதுக்கே செலவு அதிகம்

ஒரேயடியாக நின்றுபோன வண்டியைச் சரிசெய்வது சுலபம். பழுது கண்முன் நிற்கும். விட்டு விட்டு வரும் பழுது அப்படியல்ல. பட்டறைக்குப் போனதும் வண்டி நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆகும். பத்து முறை சாவியைத் திருப்பினாலும் பத்து முறையும் ஓடும். மெக்கானிக் எதைப் பார்த்துப் பழுது சொல்வார்? "ஏதாவது பார்த்துப் போட்டு விடுங்க தம்பி, நாளைக்கு லோடு இருக்கு" என்று நாமும் அவசரப்படுத்துகிறோம். அவரும் அனுபவத்தை வைத்து ஒரு பாகத்தை மாற்றுகிறார்.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் நாம் கொண்டுபோகும் தகவல் 'சில நேரம் ஸ்டார்ட் ஆகல' என்ற நான்கு சொற்கள்தான். வண்டியோடு தினமும் இருப்பவர் நாம். பழுது வரும் நேரத்தில் கூட இருப்பவரும் நாம்தான். கவனித்துக் குறித்துவைக்கும் வேலையை வேறு யாரும் செய்ய முடியாது.

காதையும் கண்ணையும் முதலில் பயன்படுத்துங்கள்

'ஸ்டார்ட் ஆகவில்லை' என்பதில் மூன்று தனித்தனிப் பழுதுகள் இருக்கின்றன. முதலில் இவற்றைப் பிரிக்க வேண்டும்.

ஒன்று, சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் இல்லை. இரண்டு, 'டிக்' என்ற சத்தம் வருகிறது, ஆனால் இன்ஜின் சுழலவில்லை. மூன்று, இன்ஜின் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை.

மூன்றாவது வகைக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் தொடர்பில்லை. அது டீசல் வரும் பாதையின் பிரச்சினை. முதல் இரண்டும் மின்சாரப் பாதையின் பிரச்சினை. அவற்றைப் பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, அது எதிரே சுவரில் விழும்படி வைத்து, சாவியைத் திருப்புங்கள்.

வெளிச்சம் மிகவும் மங்கி, 'டிக் டிக் டிக்' என்று வேகமாகச் சத்தம் வந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை என்று சந்தேகிக்கலாம். வெளிச்சம் ஒரேயடியாக அணைந்து போனால் பேட்டரி முனையில் கவ்வும் டெர்மினல் தளர்ந்திருக்கிறது. வெளிச்சம் மங்காமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் சாவி சுவிட்சிலிருந்து சொலினாய்டுக்குப் போகும் சின்ன ஒயரிலோ, ரிலேயிலோ, சுவிட்சிலோ கோளாறு. வெளிச்சம் மங்காமல் 'டிக்' மட்டும் வந்தால், பேட்டரியில் சக்தி இருக்கிறது, அது செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். சொலினாய்டுக்குள் இருக்கும் செம்பு முனைகள் தேய்ந்திருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கலாம், அல்லது தடிமனான ஒயர்களில் எங்கோ இணைப்பு கெட்டிருக்கலாம்.

பயிரிலும் இப்படித்தானே பார்க்கிறோம்? இலை மஞ்சளானால் உடனே யூரியா என்று ஓடக் கூடாது. மஞ்சள் அடியில் உள்ள பழைய இலைகளில் தொடங்கினால் தழைச்சத்துக் குறை. புதிதாக விடும் இலைகளில் தொடங்கினால் கந்தகம் அல்லது இரும்புச்சத்துக் குறை. மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது என்ற ஒரு கேள்வி ஒரு மூட்டை உரத்தை மிச்சப்படுத்தும். ஹெட்லைட் மங்கியதா என்ற கேள்வி ஒரு பேட்டரியை மிச்சப்படுத்தும்.

ஒரு நோட்டு, ஐந்து பதிவுகள்

அண்ணனிடம் நான் சொன்னது, "இனிமே எதையும் மாத்தாதீங்கண்ணா. ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்க" என்பதுதான். பழுது வரும் ஒவ்வொரு முறையும் ஐந்து விவரங்கள்: நேரம், வண்டி நின்று எவ்வளவு நேரமாயிற்று, இன்ஜின் சூடா குளிர்ச்சியா, என்ன சத்தம், ஹெட்லைட் எப்படி இருந்தது. "பயிருக்குத்தான் டைரி எழுதச் சொல்லுவ, இப்ப வண்டிக்குமா?" என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் எழுதினார்.

ஆறு வாரத்தில் ஐந்து பதிவுகள் சேர்ந்தன. இரண்டு முறை அதிகாலை, ஒரு முறை நடுப்பகல், இரண்டு முறை மாலை. சில முறை சூடாக, சில முறை குளிர்ச்சியாக. ஒரு முறை மழைக்குப் பிறகு, மற்ற நாட்களில் நல்ல வெயில். இவற்றில் ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஐந்து முறையும் மாறாத ஒன்று இருந்தது. 'டிக்' சத்தம் வந்தது, ஹெட்லைட் மங்கவே இல்லை.

அந்த ஒரு வரியே பேட்டரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. சாவி சுவிட்சும் தன் வேலையைச் செய்கிறது, இல்லையென்றால் 'டிக்' வந்திருக்காது. பழுது வந்த இரண்டு நாட்களில் இந்த நோட்டை எழுதியிருந்தால், புது பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் கொடுத்த பணம் கையில் இருந்திருக்கும்.

மல்டிமீட்டர் காட்டிய இடம்

அடுத்த முறை ஊருக்குப் போனபோது மல்டிமீட்டரை எடுத்துப் போனேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணக் கருவிதான் அது. பலர் இதை வைத்து ஒயரின் தடையை ஓம் கணக்கில் அளந்து, 'ஒயர் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிடுவார்கள். செல்ஃப் மோட்டார் விஷயத்தில் இது ஏமாற்றும்.

காரணம் எளிது. டீசல் வண்டியின் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கும் மேல் மின்சாரம் இழுக்கும். 250 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒரு துருப்பிடித்த இணைப்பு வெறும் 0.01 ஓம் தடை தந்தாலும், 2.5 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். 0.01 ஓம் என்பது சாதாரண மல்டிமீட்டரில் சுழியமாகத்தான் தெரியும். எனவே தடையை அளக்கக் கூடாது. செல்ஃப் சுழலும்போது எந்த இணைப்பில் எவ்வளவு வோல்ட் இழக்கிறோம் என்பதை அளக்க வேண்டும்.

செய்முறை இதுதான். வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இன்ஜினை நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்தால் பழைய வண்டி சுழலும், ஆனால் ஸ்டார்ட் ஆகாது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் அளக்க வேண்டும்.

முதல் அளவு, பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு இடையே. சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ். சுழலும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. இரண்டாவது, பேட்டரியின் பிளஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த ஒயர் போல்ட்டுக்கும் இடையே. அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இன்ஜினின் வெறும் இரும்புப் பகுதிக்கும் இடையே. இது இன்னும் குறைவாக, 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது.

அண்ணன் வண்டியில் முதல் இரண்டும் சரியாக இருந்தன. மூன்றாவது அளவு 1.4 வோல்ட் காட்டியது. மீட்டரின் கம்பியை இன்ஜினிலிருந்து எடுத்து சேஸில் வைத்தேன். 0.1 வோல்ட்தான். அப்படியானால் பேட்டரியிலிருந்து சேஸ் வரை இணைப்பு நன்றாக இருக்கிறது. சேஸுக்கும் இன்ஜினுக்கும் இடையில்தான் கோளாறு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் அளந்த அன்று வண்டி நன்றாகவே ஸ்டார்ட் ஆனது. பழுது தலைகாட்டாத நாளிலும் மீட்டர் அதைக் காட்டிக்கொடுத்தது. விட்டு விட்டு வரும் பழுதை வெல்ல, இந்தப் பரிசோதனையைவிடச் சிறந்த வழியை நான் பார்க்கவில்லை.

உர மூட்டையும் எர்த் பட்டையும்

இன்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே இன்ஜினையும் சேஸையும் இணைக்க, பின்னிய செம்புப் பட்டை ஒன்றை போல்ட் போட்டு வைத்திருப்பார்கள். அடியில் படுத்துப் பார்த்தபோது அந்தப் பட்டையில் பாதி இழைகள் அறுந்து, மிச்சம் பச்சை பூத்துக் கிடந்தது. போல்ட்டைச் சுற்றி மண்ணும் துருவும். இன்ஜின் நிற்கும்போது குலுங்கி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நிலையில் நிற்கும். மிச்ச இழைகள் சரியாகத் தொட்டால் வண்டி ஓடும், தொடாவிட்டால் 'டிக்'.

இன்னொரு முடிச்சும் அப்போது அவிழ்ந்தது. "ஒரே வருஷத்துல ஆக்சிலேட்டர் கேபிள் ரெண்டு தடவை இறுகிப் போச்சு அம்மிணி" என்றார் அண்ணன். எர்த் பட்டை கெட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் தொடும் ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகப் பாயும். அவ்வளவு மின்சாரம் தாங்காமல் கேபிள் சூடாகி, உள்ளே இருக்கும் உறை உருகி இறுகும். தனிப் பழுது என்று நினைத்துச் செலவு செய்தது, உண்மையில் அதே பழுதின் இன்னொரு அறிகுறி.

பட்டை ஏன் இப்படி அரித்தது? அண்ணன் வண்டியில் தக்காளி போகும், திரும்பும்போது உரம் வரும். யூரியா, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 73 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் பாதிக்குச் சற்றுக் குறைவான எடை குளோரைடுதான். அது இரும்பை அரிக்கும். அம்மோனியா கலந்த உரங்கள் செம்பை அரிக்கும். கிழிந்த மூட்டையிலிருந்து உதிரும் உரம் பலகை இடுக்கு வழியே சேஸில் படிந்து, பனியிலும் மழையிலும் கரைந்து இணைப்புகளில் இறங்குகிறது. உரம் ஏற்றிய வண்டியை அன்றே கூட்டித் தள்ளி, அடிப்பாகத்தைத் தண்ணீரால் கழுவும் வழக்கம் நம்மிடம் இல்லை. இனி வேண்டும்.

புதுப் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கியபின் மேலே கிரீஸ் தடவினோம். மீண்டும் அளந்தபோது 0.15 வோல்ட். மாசி கழிந்து பங்குனியும் முடியப் போகிறது. நோட்டில் ஆறாவது பதிவு இதுவரை இல்லை.

எல்லா வண்டிக்கும் இதே மருந்து இல்லை

இதைப் படித்துவிட்டு எல்லோரும் எர்த் பட்டையை மாற்றக் கிளம்பினால், நானும் ஊக வைத்தியம் சொன்னவளாகிவிடுவேன். நோட்டு வேறு கதை சொன்னால் பழுதும் வேறுதான்.

ஓடி வந்து பத்து, பதினைந்து நிமிடம் நிறுத்திய பிறகு மட்டும் முரண்டு பிடித்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டிகள் உண்டு. செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். வெப்பம் 60 டிகிரி ஏறினால் தடை கால் பங்கு கூடிவிடும். அப்போது சொலினாய்டு இழுக்கும் வலு குறையும். இத்தகைய வண்டியில் சொலினாய்டையும், அதற்கு வரும் சின்ன ஒயரில் வோல்ட் குறைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

செல்ஃப் மோட்டாரைக் கட்டையால் லேசாகத் தட்டினால் ஸ்டார்ட் ஆகிறது என்றால் பிரஷ் அல்லது சொலினாய்டு முனை தேய்ந்திருக்கிறது. அது மருந்தல்ல, அறிகுறி. தட்டிக்கொண்டே காலம் ஓட்டாமல் பழுது பார்க்கக் கொடுங்கள்.

இன்ஜின் நன்றாகச் சுழன்றும் காலையில் மட்டும் நெடுநேரம் பற்றாமல், டீசல் கை பம்ப்பை அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது என்றால், டீசல் பாதையில் எங்கோ காற்று புகுகிறது. இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பிவிடுகிறது. பில்டர் வாஷர், ரப்பர் டியூப், கிளிப் இவற்றைப் பாருங்கள். பம்ப்பில் டீசலை நிறுத்தும் சொலினாய்டு உள்ள வண்டிகளில், சாவி போட்டதும் அங்கே மெல்லிய 'டக்' கேட்க வேண்டும். கேட்காத நாளில்தான் வண்டி ஓடவில்லை என்றால் தேட வேண்டிய இடம் அதுதான். கொடைக்கானல், நீலகிரி போன்ற குளிர்ந்த ஊர்களில் ஹீட்டர் பிளக்கையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானிக் கட்டுப்பாடு உள்ள புது வண்டிகளுக்கு இந்தக் கட்டுரை முழுதும் பொருந்தாது. அவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். ஆனால் பேட்டரி, டெர்மினல், எர்த் பட்டை எல்லா வண்டியிலும் உண்டு.

செய்யவே கூடாதவை

ஸ்குரூ டிரைவரை வைத்து செல்ஃப் மோட்டாரின் இரண்டு போல்ட்டையும் ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணும் பழக்கம் கிராமங்களில் சாதாரணமாகிவிட்டது. கியரில் இருக்கும் வண்டி அப்படி ஸ்டார்ட் ஆனால் முன்னால் குனிந்திருப்பவர் மேலேயே ஏறும். டிராக்டரிலும் இதே ஆபத்துதான். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில் எடுங்கள், மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. டெர்மினலில் பூத்த வெள்ளை, பச்சைப் பொடியை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவலாம், ஆனால் அது பேட்டரிக்குள் போகக் கூடாது. பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். இரண்டு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

விரிவாக்கப் பணியில் இதற்கு இடம் வேண்டும்

2015இல் மண்வள அட்டைத் திட்டம் வந்ததிலிருந்து 'மண்ணைப் பரிசோதித்து உரமிடுங்கள்' என்று விரிவாக்கப் பணியாளர்களாகிய நாம் ஊர் ஊராகச் சொல்லிவருகிறோம். அதே கூட்டத்துக்கு விவசாயி தள்ளி ஸ்டார்ட் செய்த வண்டியில்தான் வருகிறார். அவருடைய வருமானத்தை அந்த வண்டியும் தீர்மானிக்கிறது என்பதை நாம் பேசுவதில்லை. விதை, உரம், மருந்து என்று உள்ளீட்டுச் செலவைக் குறைக்கப் பாடம் எடுக்கிறோம். ஊகத்தில் மாற்றிய பேட்டரியும் உள்ளீட்டுச் செலவுதான்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. வேளாண் அறிவியல் நிலையங்களும் வேளாண் பொறியியல் துறையும் நடத்தும் பயிற்சிகளில் அரை நாளை வண்டி, டிராக்டர், பம்ப்செட் மின் இணைப்புகளைப் பரிசோதிக்க ஒதுக்கலாம். ஊரில் இருக்கும் மெக்கானிக்கையே அழைத்து, ஒரு பழைய வண்டியை முன்னால் நிறுத்தி, விவசாயிகள் கையிலேயே மீட்டரைக் கொடுக்கலாம். ஒவ்வொரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் மண் ஈர மீட்டர் வாங்குவது போல இரண்டு மல்டிமீட்டர் வாங்கி, உறுப்பினர்களுக்குச் சுற்றில் விடலாம்.

விவசாயிக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஐந்து வரி எழுத ஐந்து நிமிடம் போதும். அண்ணன் பட்டறைகளில் காத்துக் கிடந்த நாட்களை நோட்டில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்தக் கணக்குதான் பெரிதாக இருந்திருக்கும்.

இப்போது அந்த நோட்டின் முதல் பக்கத்தில், உரம் ஏற்றிய நாள், கழுவிய நாள் என்று இரண்டு பத்திகள் போட்டிருக்கிறார் அண்ணன். போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வந்தபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, "லைட் மங்குச்சா மாமா?"